வேலை செய்யவில்லை என்றொரு கடிதம்

வேலை போனதை நான் ஊருக்குச் சொல்லவில்லை. ஊர் என்று நான் சொல்வது டென்மார்க்கில் இந்த ஹோர்சன்ஸ் நகரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களை. ஜன்னல் சட்டம் செய்கிற தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நின்றவனை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு வீட்டுக்குப் போ என்றால், அதை எந்த வாயால் சொல்வது? மனைவிக்கு மட்டும் தெரியும். அவளிடமும், "உன்ரை கொண்ணருக்கு மூச்சு விடாதை" என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அவளுடைய அண்ணர், அதாவது என் மச்சான், நகரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தால் கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரிந்த மாதிரி.

ஆகவே ஆறு கிழமையாகக் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு சைக்கிளில் புறப்பட்டேன். நூலகத்தில் இருந்து விண்ணப்பம் எழுதினேன். எழுதியதையெல்லாம் ஆ-கஸவின் இணையப் பக்கத்தில் பதிந்தேன். ஆ-கஸ என்பது நாங்கள் மாதாமாதம் சந்தா கட்டுகிற நிதியம். வேலை போனவனுக்கு உதவிப் பணம் அதன் வழியாகத்தான் வரும். வேலை இருந்த காலத்தில் அவர்களோடு நான் ஒரு சொல் கதைத்ததில்லை. இப்போது அவர்கள் கேட்காத கேள்வியே இல்லை.

ஒரு நாள் நேரில் கூப்பிட்டார்கள். அந்த அலுவலருக்கு என் மகளின் வயதிருக்கும். நல்ல பிள்ளை, கோப்பி ஊற்றித் தந்தாள். விண்ணப்பங்களைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு, "நாள் எல்லாம் எப்படிப் போகிறது?" என்று கேட்டாள்.

அங்கேதான் நான் கெட்டேன். சும்மா இருக்கிறேன் என்று ஓர் ஆம்பிளை, அதுவும் ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்னால், எப்படிச் சொல்வது? எங்கள் சனத்துக்கு அது வாயில் வராது. "மனைவியின் அண்ணனுடைய கடையில் தினமும் உதவி செய்கிறேன்" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு வேறு சொன்னேன்.

அவள் கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். எத்தனை மணித்தியாலம்? எந்த நாளிலிருந்து? சம்பளம் இல்லாவிட்டாலும், சொந்தக்காரரின் கடையானாலும் அது வேலைதான், அறிவித்திருக்க வேண்டும் என்றாள். நான் பயந்துபோய், இல்லை, அது பொய், அங்கே நான் ஒரு துரும்பையும் தூக்கிப் போடவில்லை என்றேன். "அப்படியானால் எதை நான் நம்புவது?" என்று கேட்டாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

நான் அங்கே வேலை செய்யவில்லை என்று கடைக்காரர் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டும் என்றாள். அதற்கான தாளையும் அச்சடித்துத் தந்தாள். அது வரும்வரை கொடுப்பனவு நிற்கும். வீட்டுக்கடன் நிற்காது.

மூன்று நாள் அந்தத் தாளைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கொண்டு திரிந்தேன். கொடுக்காவிட்டால் வீடு இல்லை, கொடுத்தால் மானம் இல்லை. பொறிக்குள் போன எலிக்காவது ஒரு துண்டு தேங்காய் கிடைக்கும்.

நாலாம் நாள் காலை கடைக்குப் போய்த் தாளை நீட்டினேன். மச்சான் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கு முதல் கிழமையே தெரியும்," என்றார். "உம்மோடை வேலை செய்த பெடியன் ஒருத்தன் சொன்னவன். நீராச் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"வெக்கமாக் கிடந்தது மச்சான்."

"ஓம். எனக்கும் வெக்கமாத்தான் கிடந்தது, என்னட்டைச் சொல்லேல்லை எண்டு."

கையெழுத்து வைத்தார். கீழே நானும் வைக்க வேண்டியிருந்தது: இனி யாருக்கு, எந்த உதவி செய்தாலும் முன்கூட்டியே அறிவிப்பேன்.

அந்த நேரம் பார்த்துச் சாமான் லொறி வந்து நின்றது. சாரதி அரிசி மூட்டைகளை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். மச்சானுக்குப் போன வருடம்தான் முதுகில் ஒபரேசன் நடந்தது. கடையில் வேறு யாரும் இல்லை.

"மச்சான், ஒருக்கா இதிலை பிடியும்," என்றார் பழக்கதோசத்தில். பிறகு என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "வேண்டாம், வேண்டாம். நீர் நில்லும்."

அந்தத் தாளைக் கிழித்து எறிய வேண்டும் போல் இருந்தது. கிழிக்கவில்லை. மடித்து உள்பையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஜக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றேன். மச்சான் ஒவ்வொரு மூட்டையாக இழுத்தார். இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தார்.

கோயிலில் காண்கிற ஒரு பெண் கடைக்குள் வந்தாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்ன அண்ணை, பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஒரு கை குடுக்கேலாதே?"

மச்சான்தான் இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தார்.

"அவருக்கு முதுகு ஏலாது பிள்ளை," என்றார். "பாரம் தூக்கக் கூடாது."