கல்லுக்கு இந்தப் பக்கம்

ஒருவன் துரத்துகிறான், ஒருவன் தப்பி ஓடுகிறான். யார் ஜெயிப்பார் என்பதைக் கணக்காகப் போட்டுத் தீர்ப்பதுதான் என் ஆராய்ச்சி. கள்ளன் போலீஸ் விளையாட்டா என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன், உள்ளே பற்றிக்கொண்டு வரும்.

ஆட்டம் எங்கே முடிகிறது என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த முடிவிலிருந்து நொடி நொடியாகப் பின்னால் வர வேண்டும். வந்தால், வரைபடம் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதியில் இருப்பவன் தப்பிவிடுவான். மறு பகுதியில் இருப்பவன் என்ன குட்டிக்கரணம் போட்டாலும் அகப்படுவான்.

கேரள எல்லைக்குள் இருக்கும் காரோடு என்ற ஊரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இதைப் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் எட்டிப் பார்த்தான். தமிழ்நாட்டு ரேஷன் அரிசியைப் பிக்கப்பில் இந்தப் பக்கம் கடத்துவது அவன் வேலை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கத்துப் போலீஸ் ஜீப் நின்றுவிடும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“மக்கா, இதுல நம்ம ரோட்டப் போட்டுப் பாக்கப் பற்றுமா?”

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நாலு வருடத்தில் என் கணக்கு ஒரு காரியத்துக்கு உதவுமா என்று கேட்ட முதல் ஆள் அவன்தான். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஜீப்பின் வேகம், பிக்கப்பின் வேகம், வளைவுகளில் இரண்டும் எவ்வளவு தளரும் என்பதையெல்லாம் அவனிடமே கேட்டு எழுதினேன். ஆட்டம் முடியும் இடமாகக் கல்லைக் குறித்தேன்.

“ஜீப்பு கண்ணுல படும்போ நீ கால்வாய்ப் பாலத்தத் தாண்டியிருந்தா போதும். கல்லு வரைக்கும் மிதிச்ச கால எடுக்காத” என்றேன்.

இரண்டு முறை தப்பினான். “கணக்கு கிருத்யமா இருந்து பிள்ளே, ஒரு பிசகும் இல்ல, ரெண்டு செகண்டு மிச்சம் உண்டு” என்று சிரித்தான். விடியுமுன் போய் வந்தவன் பட்டப்பகலில் போகத் தொடங்கினான். தாளை எடுத்துத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் நடந்து வீட்டுக்கு வந்தான். வண்டி இல்லை.

“பிடிச்சிட்டானுவளா?” என்றேன். அதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

“இல்ல. கல்லத் தாண்டியாச்சு. ஜீப்பு அங்கனயே நின்னுட்டு.”

எனக்கு மூச்சு வந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை ஒளிக்க மாட்டேன்.

“இந்தப் பக்கம் ஸ்கூல் பஸ்ஸு நின்னுது, பிள்ளே. பிள்ளைகள் எறங்கிட்டிருந்து. பிரேக்கு பிடிச்சேன், நிக்கல்ல.”

கல்லை அடையும்போது வண்டி முழு வேகத்தில் இருக்கும் என்று எழுதியவள் நான். அதற்கப்புறம் உள்ள ரோடு என் தாளிலேயே கிடையாது.

ஒரு பெண் குழந்தை. உயிர் இருக்கிறது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அண்ணன் அன்றைக்கே ஸ்டேஷனுக்குப் போனான். இவ்வளவு துல்லியமாக வழி சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டார்களாம். “ஆரும் இல்ல, நானாக்கும்” என்றிருக்கிறான்.

அது பொய் என்று நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.