புங்க இலையில் இல்லாத பூச்சி

எங்கள் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தின் உதவியாளர் சௌந்திரம் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே, உள்ளே புழு தின்றுகொண்டு போன தடம் அவருக்குத் தெரிந்துவிடும். முனைவர் பட்டம் வாங்கிய எனக்குப் பூதக்கண்ணாடி வேண்டும்.

போன ஆண்டு, நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில், புங்க இலைகளில் ஓர் அந்துப்பூச்சியின் கூடுகளைப் பார்த்தேன். இதன் புழு முதலில் இலைக்குள் புகுந்து தின்னும். பிறகு அந்த இலையையே வெட்டி அரிசி அளவுக்கு உறை செய்து, அதைச் சுமந்துகொண்டே திரியும். வளர்த்து, வெளிவந்த பூச்சியை நிபுணருக்கு அனுப்பினேன். தமிழ்நாட்டில் யாரும் பார்த்திராத இனம் என்றார். அந்த இனம் எங்கெங்கே உண்டு என்று காட்டும் பரவல் வரைபடத்தில் நாமக்கல்லுக்கு ஒரு புள்ளி விழுந்தது. கல்லூரியில் எனக்குச் சால்வை போட்டார்கள்.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அது நாமக்கல் மரத்து இலையே இல்லை. நாக்பூருக்கு அப்பால் லாரி பழுதாகி நின்றபோது, பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாக ஓட்டுநர் சிவக்குமார் ஒடித்துச் செருகிய புங்கங்கொப்பு. எடுக்க மறந்து ஊர்வரை வந்துவிட்டார்.

"அது இங்கத்திது இல்லீங்க சார். நாக்பூருக்கு அந்தாண்ட ஒடிச்சதுங்க" என்று நேராகவே சொன்னார். புள்ளி ஆசையில் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் "நாமக்கல், புங்க மரம்" என்று எழுதி அனுப்பினேன்.

சௌந்திரம் அதை நம்பினார். ஞாயிறுதோறும் ராசிபுரம் பேருந்தில் ஏறி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கி, அதே பூச்சியைத் தேடிப் புங்க இலைகளைப் புரட்டினார். மரத்துக்கு ஒரு வரி நோட்டில் எழுதினார். நான் தடுத்திருக்கலாம். "நல்லாத் தேடுங்க" என்றேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

ஏழாவது மாதம் புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்.

"என் கண்ணுலதானுங்க கோளாறு. நீங்க பாத்தது எனக்குத் தெம்படவே மாட்டேங்குது. மறுக்கா மொதல்ல இருந்து பாத்துட்டு வாரேனுங்க."

அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னேன். என் வீரம் அவ்வளவுதான். புள்ளியை எடுத்துவிடச் சொல்லி இன்றே எழுதுகிறேன் என்றும் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நோட்டைத் திறந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"அப்ப நானூத்திப் பதினோரு மரத்துலயும் இல்லீன்னு நான் எழுதுனது சரிதானுங்களா சார்?"

"சரிதாங்க" என்றேன்.

"அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னால் தலை நிமிர முடியவில்லை.