மருந்து என்று சொல்லிவிட்டேன்: மதுரையிலிருந்து சிவகாசிக்கு ஒரு பேருந்துப் பயணம்

சிவகாசிக்குப் பேருந்தில் எப்படிப் போவது என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். நான் முதன்முதலில் போனது 1966 மார்ச்சில். வழி பெரிதாக மாறவில்லை. வழியில் வாயை எங்கே மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் மாறியிருக்காது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் மல்லாங்கிணறு. ஊர்க் கண்மாயில் கிடைக்கும் மட்டிச் சிப்பியின் செவுளில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் ஓயாமல் அடித்துத் தண்ணீரைத் தள்ளும். நம் மூச்சுக்குழாயில் சளியை மேலேற்றுவதும் இதே மாதிரி இழைதான். செவுளைக் கிளிசரினில் போட்டுக் குளிரில் பத்து நாள் வைத்தால் செல் செத்துப்போகும், இழை மட்டும் மிஞ்சும். அதன்மேல் ஏடிபி என்ற பொருளையும் கொஞ்சம் மக்னீசிய உப்பையும் சொட்டினால், செத்த இழை மறுபடி அடிக்கும். இழைக்குள் டைனீன் என்று ஒரு புரதம் இருப்பதையும், அது ஏடிபியை உடைத்து அந்தச் சக்தியில் வேலை செய்வதையும் வெளிநாட்டில் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தார்கள்.

சென்னைப் பேராசிரியர் ஒருவர் சிவகாசிக்குக் கல்யாணத்துக்கு வருவதாகக் கார்டு போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அங்குள்ள கல்லூரியில் அதைச் செய்து காட்ட வேண்டும். கல்லூரி புதிது, மைக்ராஸ்கோப் தவிர ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் நானே கொண்டுவர வேண்டும். நாலரைக்கு அவருக்கு ரயில். இழை ஆடினால் அவரிடம் ஆய்வு மாணவி. ஆடாவிட்டால் சித்திரையில் எனக்குக் கல்யாணம் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை.

மதுரையில் காலை 9.40 பேருந்து. விருதுநகருக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு ரூபாய் இருபது பைசா. மடியில் வாய் அகன்ற ஃபிளாஸ்க். அதற்குள் ஐஸ், ஐஸுக்குள் செவுள் குப்பியும் ஏடிபி குப்பியும். கல்லூரி முழுவதற்கும் இருந்த ஏடிபி அவ்வளவுதான். மக்னீசியக் கரைசல் பாட்டில் துணிப்பையில். விருதுநகரில் மிளகாய் வற்றல் மூட்டை ஏற்றிய லாரிகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றேன். 12.20க்குச் சிவகாசி வண்டி கிடைத்தது. இருபத்தைந்து கிலோமீட்டர், அறுபத்தைந்து பைசா.

ஆமத்தூர் தாண்டியதும் கண்டக்டர் வந்தார். "என்னம்மா அது, பச்சப்புள்ள கணக்கா மடியில வச்சிருக்கீக?"

"மருந்து. சூடு படக்கூடாது, அதிரவும் கூடாது."

விசில் அடித்தது. வண்டி நின்றது. நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே பாதிப்பேர் இறங்கி ஓடிவிட்டார்கள். மல்லாங்கிணற்றில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது. சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் வெடிக்குள் அடைப்பது. முப்பது மைல்கூடத் தள்ளிப் பிறக்காத எனக்கு இது தெரியாமல் போனதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

கண்டக்டர் துணிப்பையைப் பிரித்து, பாட்டில்மேல் ஒட்டியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். "மக்னீசியமா! வெள்ளையாப் பொரியுமே, அதுதானே!"

"அது உலோகப் பொடி, இது வெறும் உப்..." என்று நான் முடிப்பதற்குள் பாட்டிலைச் சாலையோரம் கவிழ்த்து மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டார். டிரைவர் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் குட்டைக்கு நடந்தார். நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன்.

"நில்லுங்க அண்ணாச்சி. மூடியத் திறங்க."

சொன்னவள் என் வயதுக்காரி. பெயர் பேச்சியம்மாள். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை. நகக்கண்ணில் வெள்ளி நிற மருந்துப் பொடி அப்பியிருந்தது. எட்டிப் பார்த்தாள்.

"உள்ள அம்புட்டும் ஐஸு. எந்தக் கிறுக்கன் மருந்த ஐஸுல வச்சுக் கொண்டு போவான்? ஈரம் பட்டா நமத்துப்போயிருமே!"

டிரைவர் யோசித்தார். தொழில் தெரிந்தவள் சொல்லுக்கு அங்கே மறுபேச்சு இல்லை. ஃபிளாஸ்க் தப்பியது. ஆனால் இறங்கி ஓடியவர்களைக் கூப்பிட்டு ஏற்றவே நாற்பது நிமிடம் ஆனது.

சிவகாசியில் இறங்கும்போது மணி இரண்டே கால். மக்னீசியம் இல்லாமல் டைனீன் ஏடிபியைத் தொடாது. கூடவே இறங்கிய பேச்சியம்மாளிடம் என் வேலையையும் கொட்டிப்போன உப்பையும் சொல்லி நிலையத்திலேயே நின்று அழுதேன்.

"அந்த உப்பு வேற எங்கனயும் கெடைக்காதா டீச்சர்?" என்றாள் பேச்சியம்மாள்.

அப்போதுதான் உறைத்தது. பேதி உப்பு! வயிறு சுத்தமாக வீட்டில் கொடுப்பார்களே, அது மக்னீசிய உப்புதான். வெற்றிலைக் கடைக்காரரிடம் மருந்துக் கடை எங்கே என்றேன்.

"எந்த மருந்து? குடிக்கிறதா, வெடிக்கிறதா?"

"குடிக்கிறது, குடிக்கிறது," என்று பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள். மூன்றாவது கடையில் கிடைத்தது.

கல்லூரியில் மூன்றே காலுக்கு ஏடிபியையும் பேதி உப்புக் கரைசலையும் சொட்டினேன். அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஓர் ஓரம் சிலிர்த்தது. அப்படியே கம்மங்காட்டில் காற்றுப் புகுந்த மாதிரி, வரிசை முழுக்க அடிக்கத் தொடங்கியது. இடம் விட்டேன், பேராசிரியர் லென்சிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

கூட வந்திருந்த பேச்சியம்மாளும் பார்த்தாள். "செத்துப் பத்து நாளாச்சுங்கிறீக. ஆட வச்சுட்டீக, சரி. நிப்பாட்டுறது எப்படி?"

"ஏடிபி தீர்ந்தால் நிற்கும்," என்றேன்.

அவள் இடது கையைத் திருப்பிக் காட்டினாள். முழங்கை வரை வெந்து சுருங்கிய தோல். "தீந்தா நிக்கும்கிறது எங்களுக்கும் தெரியும் டீச்சர். நடுவுல நிப்பாட்டணும்லா?"

பேராசிரியர் சிரிக்கவில்லை. "ஜூன்ல வாங்க. இந்தக் கேள்வியோட வாங்க," என்றார்.

போனேன். என் காலமெல்லாம் அந்தக் கேள்விக்கே போனது. பின்னால் பலர் சேர்ந்து கண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இழைக்குள் சுற்றிலும் டைனீன் கைகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் இழுத்தால் இழை வளையவே வளையாது. ஒரு பக்கம் இழுக்கும்போது மறுபக்கம் சும்மா இருக்க வேண்டும், பிறகு முறை மாற வேண்டும். இப்போது நீ, இப்போது பொறு என்று சொல்லவே வேறு பல புரதங்கள் இருக்கின்றன. சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் கூடினால் அடியின் போக்கே மாறும். இழுப்பதைவிடப் பொறுக்க வைப்பதுதான் பெரிய வேலை.

போகிறவர்களுக்கு: கட்டணங்கள் அந்தக் காலத்தவை, நம்ப வேண்டாம். மார்ச்சில் போனால் உச்சிவெயிலுக்கு முன் சேருங்கள். மாத்திரை வைத்திருந்தால் மாத்திரை என்றே சொல்லுங்கள்.

அந்தப் பயணத்துக்கு மூன்று வருடம் கழித்து விஸ்வநத்தம் போனேன். கையில் பாதிப் பதில்கூட இல்லை. பேச்சியம்மாள் அச்சாபீசில் தீப்பெட்டி லேபிள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நகம் சுத்தமாக இருந்தது. இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நீங்க மெதுவாக் கண்டுபிடிங்க டீச்சர்," என்றாள். "நான் நடுவுலயே நிப்பாட்டிட்டேன்."