மிலுன்காவின் வால்வுக்கு அடியில் ஒரு செய்தித்தாள்

வீட்டைச் சூடாக்கும் வெந்நீர் ரேடியேட்டரின் வால்வில் கசிவை அடைத்த கூலியாக மிலுன்கா எனக்கு மூவாயிரம் தினார் தர வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் யாரையும் நம்பாத விதவை அவள். வால்வுக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, "மூணு நாள் பாப்போம் மேஸ்திரி. சொட்டு விழலேன்னாதான் காசு" என்றாள்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நான் சணல் சுற்றி முறுக்கிய வால்வு நாற்பது வருடத்தில் ஒன்றுகூடக் கசிந்ததில்லை.

மூன்றாம் நாள் நான் போனபோது தாள் நனைந்திருந்தது.

"மறுபடி கூப்பிடட்டும்னு லூசா விட்டிருக்கீங்க! தெருவெல்லாம் சொல்லப் போறேன்."

எனக்குக் காது சுட்டது. வால்வைத் தடவினேன், காய்ந்திருந்தது. ஈரத்தாளைத் தொட்டு நாக்கில் வைத்தேன். ஒரே உப்பு, புளிப்பு.

"ரேடியேட்டர் தண்ணி எப்பம்மா புளிச்சுது? குளிர்காலத்துக்கு உப்புத்தண்ணியில கோஸ் ஊறப்போட்ட பீப்பாய் எங்க?"

பீப்பாய் திரைச்சீலைக்குப் பின்னால், ரேடியேட்டரை ஒட்டியே நின்றது. சூட்டில் பொங்கி, தரையில் தாள் வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது.

"நிலவறையில வெச்சா பக்கத்து வீட்டுக்காரன் திருடுவான்" என்று முணுமுணுத்தாள்.

கையை நீட்டினேன். இரண்டு ஒட்டியிருக்குமோ என்று ஒவ்வொரு நோட்டையும் தேய்த்துப் பார்த்து, ஆறு ஐந்நூறுகளை என் உள்ளங்கையில் எண்ணி வைத்தாள்.