சொந்த ஊரைக் கேட்ட விரிவுரையாளர்

தகுதியான ஒரு மாணவிக்குக் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சி இடத்தை, என் ஊர்ப் பையன் என்பதற்காக இன்னொருவனுக்குக் கொடுக்கச் சொன்னேன். இது நடந்தது சில வருடங்களுக்கு முன், கொழும்பு வெள்ளவத்தையில். ஓய்வுபெற்ற பிறகு அங்கே ஒரு தனியார் கல்லூரியில் சிவில் பொறியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

புதிய மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது சொந்த ஊரைத்தான். யாழ்ப்பாணத்தில் ஓர் ஊரைச் சொன்னால் போதும். எந்தக் கோயிலடி, அப்பா எந்தப் பள்ளிக்கூடம் என்று பேச்சு போய், எனக்குத் தெரிந்த யாரோ ஒரு மாமாவில் முடியும். பிறகு அந்தப் பிள்ளை எனக்கு அந்நியமில்லை.

அந்த மாணவியோ "கொட்டாஞ்சேனை, சேர்" என்றாள்.

"கொழும்பில இருக்கிறது சரி பிள்ளை. சொந்த ஊர்?"

"அதுதான் சேர். எங்க தாத்தாவும் அங்கதான் பொறந்தார்."

பேச்சு அதோடு நின்றுவிட்டது. அவள் அதோடு நிற்கவில்லை. கணக்கைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு, எங்கே சிக்கியது என்று வகுப்பு முடிந்ததும் வந்து காட்டுவாள். நான் சொன்ன வழி சரிவந்ததா என்பதையும் அடுத்த வகுப்பில் மறக்காமல் சொல்வாள்.

பெரிய நிறுவனமொன்றில் மேலாளராக இருந்த என் பழைய மாணவர், பயிற்சிக்கு ஒருவரைச் சொல்லும்படி கேட்டிருந்தார். அதை அறிந்த அவள், தன் பெயரைச் சொல்ல முடியுமா என்று நேராகவே கேட்டாள். "பார்ப்பம்" என்றேன். சொன்னதோ, ஊரில் என்னோடு படித்தவரின் மகனுடைய பெயரை. வகுப்புக்கு வெளியே என்னிடம் ஒரு சந்தேகமும் கேட்டறியாதவன் அவன்.

செய்தி தெரிந்ததும் என் மேசைக்கு வந்தாள்.

"சேர், என்ட வேலைல என்ன குறை?"

"குறை ஒண்டுமில்லைப் பிள்ளை."

"அப்ப ஊர்தான் குறையா சேர்?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அன்றே என் பழைய மாணவருக்குத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். பையன் பயிற்சியில் சேர்ந்துவிட்டான், இனி மாற்ற முடியாது என்றார். மறுநாள் அவளிடம் எதையும் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பு இருக்கட்டும் சேர். என்ட ஃபைனல் ப்ராஜெக்டுக்கு நீங்க சூப்பர்வைசரா இருங்க. பிழைன்னா முகத்துக்கு நேரா சொல்லுங்க."

மழைக்கு வெள்ளம் நிற்கும் தன் வீட்டு ஒழுங்கையின் வடிகாலைத்தான் எடுத்திருந்தாள். பலமுறை திருத்தச் சொன்னேன். சில இடங்களில் அவள் என்னையே திருத்தினாள். பயிற்சிக்குத் தெமட்டகொடையில் ஒரு சின்ன நிறுவனத்தைத் தானே தேடிக்கொண்டாள்.

ப்ராஜெக்டின் வாய்மொழித் தேர்வன்று, வெளியிலிருந்து வந்த பரீட்சகர் என் வயதுக்காரர். அவள் எல்லாவற்றையும் தெளிவாக விளக்கி முடித்ததும் முகம் மலர்ந்து, "பிள்ளை எந்த ஊர்?" என்றார்.

"கொட்டாஞ்சேனை, சேர்."

"அது சரி, சொந்த ஊர்?"

அவள் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "அதுதான் அவவின்ர ஊர். நீங்கள் வடிகாலைப் பற்றிக் கேளுங்கோ."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்விக்கு நிமிர்ந்து நின்றாள்.

இழந்த இடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை, ஆனால் இன்று புதிதாக ஒரு மாணவர் என் முன் வந்து நின்றால், "இப்ப என்ன செய்துகொண்டிருக்கிறீர்?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறேன்.