பொங்கலுக்குப் பிந்தும் மொச்சை

சென்னையிலிருந்து வருகிற ரயில் முதலில் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் நிற்கும். அதைத் தாண்டித்தான் ராஜபாளையம். பட்டாளத்தில் இருந்த என் மாமா வருசா வருசம் பொங்கல் லீவுக்கு அந்த ரயிலில்தான் வருவார். ரயில் எங்கள் ஸ்டேஷனில் நிற்கும். மாமா இறங்க மாட்டார். நேரே ராஜபாளையம் போய், அங்கிருந்து சோழபுரத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே பொங்கலைக் கொண்டாடி முடித்த பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய வன்னியம்பட்டியில் நாங்கள் இருப்பது அவருக்கு ஞாபகம் வரும். பெரியம்மாவுக்குக் காஷ்மீர் சால்வை. எங்களுக்குப் பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கே பால்கோவா வாங்கிக்கொண்டு வருகிறவரை என்னவென்று சொல்வது?

எனக்கு அப்போது ஒன்பது பத்து வயதிருக்கும். வயிறு எரியும். தாய்மாமன் என்றால் அக்கா தங்கை இரண்டு பேருக்கும் பொதுதானே. அம்மாவும் அவருக்கு அக்காதானே. பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. மாமாவோடு சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போக ஒரு பிள்ளை இருப்பது எங்கள் வீட்டில்தான். அப்படியிருக்க அவர் ஏன் அங்கே ஓடுகிறார்? நான் யோசித்து யோசித்து ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தேன். மொச்சை.

மாமாவுக்குப் பச்சை மொச்சை என்றால் உயிர். குழம்புகூட வேண்டாம், உப்புப் போட்டு அவித்துக் கொடுத்தால் போதும், சட்டியோடு காலி. பெரியம்மா காட்டில் பொங்கலுக்குச் சரியாக மொச்சை பதத்துக்கு வந்து நிற்கும். எங்கள் காட்டில் அந்த நேரம் பூவும் பிஞ்சுமாகத்தான் இருக்கும். தை கடைசியில் எங்கள் காய் திரளும்போது மாமா பனிமலையில் துப்பாக்கி பிடித்துக்கொண்டிருப்பார். பெரியம்மா ஆவணி பிறந்ததும் விதை போட்டுவிடுவாள். அம்மா புரட்டாசியும் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பாள். ஆடிப்பட்டம் தேடி விதை என்று ஊரே சொல்கிறது, என் அம்மா காதில் மட்டும் அது விழவில்லை.

"பிந்திப் போட்டாத்தான் பூச்சி விழாது" என்பாள். பெரியம்மா காட்டில் மட்டும் பூச்சிக்கு வழி தெரியாதா?

அந்த வருசம் நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். காட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரே அரிப்பு. "அது ஒங்கம்மா சமாச்சாரம், நான் தலையிட மாட்டேன்" என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் நச்சரிப்புத் தாங்காமல், ஆவணி மழைக்கு மக்காச்சோளக் காட்டு வரப்போரம் ஒரு வரிசை ஊன்றிக் கொடுத்தார். அவர் குழி போட, நான் விதை போட்டேன். முளை விட்டதும் அம்மா பார்த்துவிட்டாள்.

"இத யாரு போட்டது?"

"எங்கயாவது சிந்துனது மொளைச்சிருக்கும்" என்றார் அப்பா.

"சிந்துன வெதை நூல் பிடிச்சாப்ல வரிசையா மொளைக்குமாக்கும்?"

அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் முளைத்த பச்சையைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

கொடி என்னமாய்ப் படர்ந்தது! ஐப்பசி முழுக்க இலை, இலை, இலைதான். பூ என்ற பேச்சே இல்லை. நான் அழாத குறை. பனி விழுந்தால்தான் மொச்சை பூக்கும் என்றார் அப்பா. கார்த்திகையில் காலையில் எழுந்து புல்லைத் தொட்டுப் பார்ப்பேன், நனைந்திருக்கிறதா என்று. மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய் தொங்கியது. பொங்கல் நெருங்க நெருங்க ஒவ்வொரு காயாக நெருடிப் பார்ப்பேன். ரொம்ப முந்திப் பறித்தால் உள்ளே வெறும் தண்ணீர், சப்பென்று இருக்கும். கொஞ்சம் அசந்தால் தோல் மஞ்சள் பாய்ந்து பருப்பு மாவாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சில நாள்தான் அது மொச்சை. அந்தச் சில நாளுக்குள் மாமாவின் ரயிலும் வந்து விழ வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. இந்தத் தடவை எங்கள் மொச்சை ஜெயிக்கும், மாமா எங்கள் ஸ்டேஷனில் இறங்குவார். எனக்கு அதில் துளியும் சந்தேகமில்லை.

போகி அன்று விடியும்போது அம்மாவின் செல்போன் அடித்தது. "அழாதக்கா, நான் இருக்கேன்ல, வாரேன்" என்று மட்டும் என் காதில் விழுந்தது. வெயில் ஏறுமுன் அம்மா காட்டில் இருந்தாள். வெயில் பட்டால் காய் வாடி இனிப்புச் செத்துவிடும். நெருடிப் பார்த்து, பருப்பு நிறைந்து பச்சை மாறாத காயாக, என் வரிசை முழுவதையும் பறித்துப் பைக்குள் போட்டாள். மாமாவின் ரயில் லேட், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார் என்று அப்பாவிடம் சொன்னாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் மாமாவைக் கையோடு கூட்டி வரப்போகிறோம்!

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது. அம்மா ஏறவில்லை. எதிர்ப்பக்கம் போய் ராஜபாளையம் பஸ்ஸை மறித்து ஏறினாள்.

"அங்க வந்து வாயத் தொறக்கப்படாது, ஆமா" என்றாள். "மொச்ச எங்கருந்து வந்துச்சுன்னு ஒரு பேச்சு வந்துச்சு, தோல உரிச்சிருவேன்."

சோழபுரத்தில் பெரியம்மா காட்டைக் காட்டுப்பன்றிகள் உழுது போட்டிருந்தன. கொடியெல்லாம் வேரோடு புரண்டு கிடந்தது. பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அம்மா அடுக்களையில் பையைக் கவிழ்த்தாள். அக்காவும் தங்கையும் உட்கார்ந்து உரித்தார்கள். என் மொச்சை பெரியம்மாவின் அடுப்பில் பெரியம்மாவின் பாத்திரத்தில் கொதித்தது. இதைவிட அநியாயம் ஊரில் உண்டா?

மாமா வந்தார். எங்களைப் பார்த்து, "நீங்களும் இங்கயா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சிரித்தார். கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். பெரியம்மா தட்டில் வைத்தாள். ஒரு வாய் போட்டதும் அவர் கண்ணை மூடினார்.

"யக்கா, இந்த ஒரு பிடி மொச்சைக்குத்தான் அம்புட்டுத் தூரத்துலருந்து ரயிலேறி வாரேன். ஒன் காட்டு மொச்ச மாதிரி ஒலகத்துல கெடையாது."

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கண்ணுக்கு யாரும் கட்டளை போட முடியாதே. மாமாவின் தட்டைப் பார்த்தபடி நின்றேன். தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பெரியம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"ஏலே தம்பி, இது எங்காட்டுது இல்ல" என்றாள். "எங்காட்டப் பன்னி அழிச்சிட்டுப் போயிருச்சு. இந்தா அழுதுக்கிட்டு நிக்காள்ல, இந்தப் புள்ள போட்ட மொச்ச."

மாமா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "அப்படியா சங்கதி? அப்பம் அடுத்த வருசம் நான் எங்க எறங்கணும்?"

நான் பதில் சொல்லுமுன் பெரியம்மா சொன்னாள். "அடுத்த வருசம் நீ வில்லிபுத்தூர்லயே எறங்கிரு. மொதல்ல புள்ளையப் பாரு. நான் எங்க போறேன்?"

அடுப்படியில் அம்மா அடிக்குரலில் பெரியம்மாவைத் திட்டியது எனக்குக் கேட்டது. "ஒனக்கென்ன கிறுக்காக்கா? நான் இத்தன வருசம் எதுக்குப் பிந்திப் பிந்திப் போட்டேன்?"

"புள்ள மொகத்தப் பாத்தியாட்டி?" என்றாள் பெரியம்மா.

அவர்களுடைய அம்மா செத்தபோது மாமா கைக்குழந்தை. பெரியம்மாதான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான், பலமுறை கேட்டதுதான். அதற்கும் மொச்சைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தெரியவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என்னோடு பேசவில்லை. அதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருசம் அம்மா ஆவணியிலேயே விதை போட்டாள். பன்னித் தொல்லை என்று சொல்லிப் பெரியம்மா மொச்சையே போடவில்லை. மாமா எங்கள் ஸ்டேஷனில் இறங்கினார். சால்வை எனக்கு. அவர் வருகிற நாளில் பெரியம்மா முதல் பஸ்ஸைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். "சாப்பிடுக்கா" என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். "செத்த நேரம் போகட்டும்" என்று தள்ளி உட்கார்ந்து, மாமா மொச்சை தின்பதையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமையில் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கண் பட்டுவிடும் என்று, அவளுக்கும் மாமாவின் தட்டுக்கும் குறுக்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.