மேனேஜருக்கு வலிக்குது

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற அந்தப் பெண்ணை அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாரும் 'கிளட்ச் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "கிளட்சை மெதுவா விடுங்க" என்று கத்திக் கத்தி அவள் தொண்டை நிரந்தரமாகக் கரகரத்துப் போயிருந்தது. சிக்னலில் பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறவனை இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வருகிற ரகம். கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை எல்லாம் ஒரே பார்வையில் வாயடைத்தவள். மூன்றாம் மாடியில், மனைவியை இழந்த அண்ணனோடு இருந்தாள். வீட்டில் மூன்றாவது ஆள் ஒரு நாய். போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்டருகே நின்று மேற்பார்வை பார்த்ததில் அதற்கு 'மேனேஜர்' என்று பேர் விழுந்துவிட்டது.

மேனேஜருக்கு வயதாகிக்கொண்டு வந்தது. முன்னெல்லாம் கார் கதவைத் திறந்தால் ஒரே தாவலில் பின்சீட்டில் இருக்கும். இப்போது கதவுக்கு முன்னால் நின்று அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு எதுவும் நடக்காத மாதிரி வேறு பக்கம் பார்த்தது. படுத்தால் எழுந்திருக்க யோசித்தது. பின்னங்காலில் ஒரே இடத்தை நக்கி நக்கி அங்கே முடியே போய்விட்டது. வெயில் இல்லாதபோதும் மூச்சிரைத்தது.

ஆனால் ஒரு முனகல்கூட இல்லை. அதனால் அண்ணன் நம்பவில்லை. வலித்தால் கத்தாதா, வயசாச்சு, சோம்பேறித்தனம், உன்னை மாதிரியே பிடிவாதமும் சேர்ந்துகொண்டது என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குள் புகுந்துகொண்டார். அவளுக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று பட்டது. வேலை நெருக்கடியில் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள்.

குடியிருப்பில் ஒரு விதி இருந்தது. வளர்ப்புப் பிராணிகளுக்கு லிஃப்டில் இடமில்லை. விதியைப் போட்டவர் முதல் மாடியில் குடியிருந்த செகரட்டரி. பெரிய ஆபீசிலிருந்து ஓய்வுபெற்றவர். அதிகாரத்தை மட்டும் ஆபீசிலேயே விட்டுவிட்டு வர மறந்துவிட்டார். ஒருநாள் காலையில் மேனேஜர் படியில் பாதியிலேயே நின்றுவிட்டது. பின்னாலேயே பையோடு ஏறி வந்த செகரட்டரி, "போ, போ" என்று அதன் இடுப்பில் கை வைத்துத் தள்ளினார். யாரையும் கடித்தறியாத நாய் சட்டென்று திரும்பி அவர் கையைக் கவ்விவிட்டது.

அவர் ஊசி போடப் போனார். போகிற போக்கிலேயே, இந்த வாரத்துக்குள் நாய் இங்கிருந்து போயாக வேண்டும், கூட்டம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் படியிலேயே மண்டியிட்டு, அவர் தள்ளிய அதே இடத்தில் விரலை மெதுவாக வைத்தாள். மேனேஜரின் உடம்பு முழுக்க நடுங்கியது. காதுகள் பின்னால் மடங்கின. பிறகு அது அவள் கையை நக்கியது, மன்னித்துவிடு என்பதுபோல.

"இது கோபமில்ல அண்ணா," என்றாள், சத்தம் கேட்டு இறங்கி வந்த அண்ணனிடம். "இவனுக்கு வலிக்குது."

அண்ணன் வீட்டுக்குள் போய், தன் மூட்டுவலி மாத்திரையில் பாதியை உடைத்து ரொட்டியில் பொதிந்து கொண்டுவந்தார். பாசத்தில் செய்ததுதான். டாக்டரைக் கேட்காமல் எதுவும் தர வேண்டாம் என்று அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்கே காட்டப் போனபோது கால்நடை டாக்டரம்மா அதைக் கேட்டதும், நல்லவேளை என்றார். மனிதர்களின் வலி மாத்திரை நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடுமாம், உயிரே போகலாமாம்.

அவர் மேனேஜரை நடக்கவிட்டுப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. இதுகள் வலியை மறைத்துக்கொள்ளும், கத்தும் என்று காத்திருக்கக் கூடாது, வழக்கம் மாறினாலே அதுதான் கத்தல் என்று விளக்கினார். தேய்ந்தது திரும்ப வராது, வலியைக் குறைக்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, எடை குறையணும், தரை வழுக்கக் கூடாது, நடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான். முக்கியமாகப் படி கூடாது.

கூட்டத்துக்கு அவள் மேனேஜருக்கு வாய்க்கூடு மாட்டிக் கையோடு கூட்டிக்கொண்டே போனாள். செகரட்டரி கட்டுப்போட்ட கையை மேஜைமேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்.

"உங்களைக் கடிச்சது தப்புதான் சார். அதுக்கு நான் பொறுப்பு," என்றாள். "மீதி ஊசிக்கெல்லாம் நானே கார்ல கூட்டிட்டுப் போறேன். வெளிய வந்தா வாய்க்கூடு இருக்கும். ஆனா இவனை எங்கயும் அனுப்ப மாட்டேன். இனிமே படியிலயும் ஏத்த மாட்டேன்."

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா."

"இருக்கட்டும். நாளைக்குக் காலையில நாங்க லிஃப்டுலதான் வருவோம். நீங்க செய்யறதைச் செய்யுங்க."

எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காத அண்ணன் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "நானும் வருவேன்," என்று சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று தானே திகைத்தவர்போல உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் லிஃப்ட் அணைந்து கிடந்தது. பழுது என்றார் செகரட்டரி. அண்ணனும் தங்கையும் கனமான போர்வையில் மேனேஜரைப் படுக்கவைத்து, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. அவள் யாரிடமும் ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. படியேற முடியாமல் கீழேயே மாட்டிக்கொண்ட இரண்டாம் மாடிப் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து செகரட்டரியைப் பேர் சொல்லித் திட்டத் தொடங்கினார். மத்தியானத்துக்குள் பழுது தானாகச் சரியாகிவிட்டது.

விதியை யாரும் மாற்றவில்லை. செகரட்டரி பெரிய எழுத்தில் ஒரு பலகை மாட்டினார். அவள் தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் லிஃப்டுக்குள் நுழைந்தாள். எதிரே அவர் வந்தால், "வாங்க சார், இடம் இருக்கு," என்பாள். அவர் படியில் ஏறிப் போய்விடுவார். வீட்டுக்குள் அண்ணன் தரை தெரியாமல் ரப்பர் விரிப்பு போட்டார், திருட்டுத்தனமாக பிஸ்கட் கொடுப்பதை நிறுத்தினார். மேனேஜர் இளைத்தது. ராத்திரியில் மூச்சிரைப்பு நின்றது. தேய்த்துக்கொடுத்தால் இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றது.

குளிர்நாளில் மட்டும் எழுந்திருக்கச் சிரமப்பட்டது. ஒருநாள் மாத்திரையும் போதாமல் போகும், அதற்கும் மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டரம்மா. இதை அண்ணன் வெளியே சொல்லிவிட்டாரோ என்னவோ, அப்படியிருக்க இந்த வம்பெல்லாம் எதற்கு என்று செகரட்டரி ஒருநாள் லிஃப்ட் வாசலில் கேட்டார்.

"அந்த நாள் வந்தா நானே முடிவு பண்ணுவேன் சார். அவன் வலியைப் பார்த்து. கூட்டம் போட்டு இல்ல," என்றாள் அவள். மேனேஜர் உள்ளே ஏறும்வரை கதவைக் காலால் பிடித்துக்கொண்டு நின்றாள்.